மருத்துவர் பதில்கள்: பெருங்குடலில் சிறு பாலிப்

கேமரா பொருத்திய வளையும் குழாயை (ஸ்கோப்) ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி பரிசோதனையின்போது கண்டெடுக்கப்படும் சிறு பாலிப்களை, அதாவது குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிகளைப் பற்றி மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்களில் இருந்த ஆட்களின் பெயர்களையும் மருத்துவமனைகளின் பெயர்களையும் நீக்கிவிட்டேன்.

செம்பூரிலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: எனக்கு வயது 56. மலத்தோடு இரத்தம் போனதால் கொலோனோஸ்கோப்பி செய்தார்கள். மூலநோய்தான் காரணம் என்று சொன்னார்கள். ஆனால் இடப்பக்கக் குடலில் 6 மில்லிமீட்டர் அளவில் ஒரு பாலிப் இருந்ததாகவும், அதைக் ‘கோல்டு ஸ்னேர்’ முறையில் எடுத்துவிட்டதாகவும் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணனுக்கு இதே அளவுள்ள பாலிப்பைக் கரண்ட் வைத்துச் சுட்டு எடுத்தார்கள். எனக்கோ வெறும் கம்பியால் அறுத்திருக்கிறார்கள். சுடாமல் விட்டால் வேர் தங்கிவிடாதா? செலவைக் குறைப்பதற்காக இப்படிச் செய்துவிட்டார்களா?

பதில்: உங்களுக்குச் செய்யப்பட்டது தரம் குறைந்த சிகிச்சை அல்ல. 10 மில்லிமீட்டருக்குக் குறைவான, காம்பில்லாத பாலிப்புக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் முறையே அதுதான். ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி மருத்துவர்களின் சங்கம் 2017-இலும், அமெரிக்காவின் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து அமைத்த பணிக்குழு 2020-இலும் இதைப் பரிந்துரைத்தன. ஐரோப்பியச் சங்கம் 2024-இல் தன் வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோதும் இதையே வலியுறுத்தியது. மின்சாரக் கருவி எண்டோஸ்கோப்பி அறையில் தயாராகத்தான் இருந்திருக்கும். அதை இயக்க வேண்டாம் என்று உங்கள் மருத்துவர் எடுத்தது செலவுக் கணக்கு அல்ல, மருத்துவ முடிவு.

உங்கள் அண்ணனுக்குச் செய்ததும் அன்றைய வழக்கப்படி சரியானதே. 1969-இல் நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு அறுவை மருத்துவர்கள் கொலோனோஸ்கோப்பி வழியாகவே பாலிப்பை எடுத்துக் காட்டியபோது அவர்கள் கையாண்டது மின்சாரம் பாயும் கம்பிச் சுருக்குதான். அதுவரை குடலுக்குள் ஆழமாக இருந்த பாலிப்பை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும். அறுக்கும்போதே இரத்தக் குழாயைச் சுட்டு மூடிவிடுகிறது என்பதால், பெரியது சிறியது என்ற வேறுபாடு பாராமல் எல்லாப் பாலிப்புக்கும் மின்சாரம் என்பது பல பத்தாண்டுகளுக்கு வழக்கமாயிற்று. சிறியவற்றை மின்சாரமின்றியே பாதுகாப்பாக எடுக்கலாம் என்று இத்தாலிய மருத்துவர்கள் 1992-லேயே எழுதியிருந்தும், அது பொது வழக்கமாக வர நெடுங்காலம் பிடித்தது.

சூடு ஏன் வேண்டாம் என்பதைப் புரிந்துகொள்ளக் குடல் சுவரின் அமைப்பை அறிய வேண்டும். சிறு பாலிப் முளைப்பது சுவரின் உட்புறத்தை மூடியிருக்கும் சளிப்படலத்தில். அதற்கு அடியில் தளர்வான ஓர் அடுக்கு இருக்கிறது. சற்றுப் பெரிய இரத்தக் குழாய்கள் அதில்தான் ஓடுகின்றன. அதற்கும் கீழே தசை. மின்சாரமில்லாத கம்பி, சளிப்படலத்தையும் அதன் அடியில் மேலோட்டமாகச் சிறிதளவையும் மட்டுமே அறுக்கிறது. அங்கே இருப்பவை நுண்ணிய நாளங்கள். அறுத்தவுடன் இரத்தம் கசியும், பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் உறைந்து தானாகவே நின்றுவிடும். மருத்துவரின் கண்ணெதிரிலேயே தொடங்கி முடிந்துவிடும் கசிவு அது. நிற்காவிட்டால் அங்கேயே ஒரு கிளிப் போட்டு நிறுத்திவிடலாம். மின்சாரம் வைத்தால் அந்த நேரத்தில் கசிவு குறைவாகத்தான் இருக்கும். ஆனால் சூடு கீழே இறங்கி ஆழமான குழாய்களின் சுவரைப் புண்ணாக்குகிறது. சில நாட்கள் கழித்து மேலே கருகியிருந்த பொருக்கு உதிரும்போது, நோயாளி வீட்டிலோ அலுவலகத்திலோ ரயிலிலோ இருக்கும் நேரத்தில் இரத்தம் பெருகத் தொடங்கலாம். அரிதாக, சூடு தசைவரை போய்க் குடலில் துளை விழுவதும் உண்டு. வலப்பக்கக் குடலின் சுவர் மெல்லியது என்பதால் அங்கே இந்த ஆபத்து கூடுதல்.

தைவானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 4 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான பாலிப் இருந்த 4,270 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மின்சாரத்தோடும் மறு பிரிவினருக்கு மின்சாரமின்றியும் எடுத்தார்கள். வீட்டுக்குப் போன பின் தாமதமாக இரத்தக் கசிவு ஏற்பட்டவர்கள் முதல் பிரிவில் 31 பேர், அதாவது 1.5 சதவீதம், இரண்டாம் பிரிவில் 8 பேர், அதாவது 0.4 சதவீதம். பாலிப் முழுமையாக வந்ததா என்பதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இனி நீங்கள் கேட்ட வேர். பாலிப்புக்கு வேர் கிடையாது. மிச்சம் இருக்குமானால் அது ஆழத்தில் அல்ல, விளிம்பில்தான் இருக்கும். சுட்டால் விளிம்பில் தப்பியதும் அழிந்துவிடும் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நெடுநாள் இருந்தது. 2013-இல் அமெரிக்காவிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், 5 முதல் 20 மில்லிமீட்டர் வரையிலான பாலிப்களை மின்சாரச் சுருக்கால் எடுத்து, முழுவதும் வந்துவிட்டது என்று மருத்துவர்கள் முடிவுசெய்த பிறகு அதே விளிம்பிலிருந்து மீண்டும் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்றில் மிச்சம் இருந்தது. ஆகவே மிச்சம் தங்காமல் இருப்பது சூட்டைப் பொறுத்ததல்ல. பாலிப்பைச் சுற்றி எவ்வளவு நல்ல சதையைச் சேர்த்து அறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நோயாளிகள் மயக்கத்தில் இருப்பதால் இதைப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. திரையில் குடலின் உட்புறத்தைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டால், கருவிகள் ஏறத்தாழ 5 அல்லது 6 மணி இருக்கும் இடத்தில்தான் ஸ்கோப்பிலிருந்து வெளியே வரும். எனவே மருத்துவர் முதலில் ஸ்கோப்பைத் திருப்பிப் பாலிப்பை அந்த இடத்துக்குக் கொண்டுவருகிறார். இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட சுருக்கின் கம்பி மிக மெல்லியது. விரித்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதன் நுனியைப் பாலிப்புக்கு அப்பால் சுவரில் ஊன்றி, சுருக்கை மெல்ல இறக்கி, பாலிப்பைச் சுற்றி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நல்ல சதையும் உள்ளே விழும்படி வைக்கிறார். பக்கத்தில் நிற்கும் செவிலியர் கைப்பிடியை மெதுவாக இறுக்க, மருத்துவர் கம்பியின் உறையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறார். மின்சாரச் சுருக்கு என்றால் தசையில் சூடு படாமலிருக்க இந்தக் கட்டத்தில் பாலிப்பை மேலே தூக்கிப் பிடிப்பார்கள். இங்கே அப்படித் தூக்குவதில்லை. தூக்கினால் விளிம்பு நழுவிவிடும். முழுவதும் இறுக்கியதும் சதை அறுபட்டுத் தனியாகக் கிடக்கும். அதை ஸ்கோப் வழியாகவே உறிஞ்சி ஒரு சிறு வலைப்பெட்டியில் பிடித்துப் பயாப்ஸிக்கு அனுப்புகிறார்கள். பிறகு நீரைப் பீய்ச்சிப் புண்ணைக் கழுவி, விளிம்பைச் சுற்றிலும் பார்க்கிறார்கள். புண்ணின் நடுவே வெண்மையாகச் சிறு முண்டு தெரிவது உண்டு; அது பெரும்பாலும் சளிப்படலத்தின் அடித்தசையும் அதன் கீழிருக்கும் திசுவும்தானே தவிர, பாலிப்பின் மிச்சம் அல்ல. விளிம்பில் சந்தேகம் இருந்தால் அதையும் உடனே அறுத்து எடுத்துவிடலாம், ஏனென்றால் கருகல் இல்லாத புண்ணில் எல்லாம் தெளிவாகத் தெரியும். இந்த முறையின் பெரிய நன்மையாக நான் கருதுவது இதைத்தான்.

இதை எல்லாப் பாலிப்புக்கும் பொருத்திவிடக் கூடாது. தடித்த காம்போடு தொங்கும் பெரிய பாலிப்பின் காம்புக்குள் இரத்தக் குழாய் ஓடும். அதற்கு மின்சாரம் தேவை. நடுவில் குழிந்தோ புண்பட்டோ இருப்பது, மேற்பரப்பின் அமைப்பு சிதைந்திருப்பது போன்ற புற்றுநோய்க் குறிகள் தெரிந்தால், அளவு சிறியதானாலும் மெல்லிய கம்பியால் அவசரமாக அறுக்காமல், ஆழத்தோடு ஒரே துண்டாக எடுக்கும் முறைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் குறிப்பிடப்படவில்லை. பயாப்ஸி முடிவை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

முலுண்டிலிருந்து ஒரு வாசகி

கேள்வி: என் கணவருக்கு 7 மில்லிமீட்டர் பாலிப் இருந்தது. பயாப்ஸி இடுக்கியால் நான்கைந்து முறை கிள்ளி எடுத்ததாக ரிப்போர்ட்டில் இருக்கிறது. மேலே உள்ளவருக்குச் செய்தது போலக் கம்பி போடவில்லை. இது போதுமா?

பதில்: என் கருத்தில் போதாது, அம்மா. ஆனால் பதறவும் வேண்டாம்.

சாதாரண பயாப்ஸி இடுக்கியின் வாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் அள்ளும். அந்த அளவுக்குள் அடங்கும் மிகச் சிறு பாலிப் ஒரே கிள்ளில் வந்துவிடும். 3 மில்லிமீட்டர் வரை, சுருக்குப் போட இடம் வசதிப்படாதபோது இடுக்கியைப் பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதலும் ஒப்புக்கொள்கிறது. அதைவிடப் பெரியதைக் கிள்ளும்போது, முதல் கிள்ளிலேயே கசியும் இரத்தம் மிச்சத்தை மறைத்துவிடுகிறது. அடுத்த கிள்ளு எங்கே விழுகிறது என்பது ஊகமாகிவிடுகிறது. தென் கொரியாவில் 5 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான பாலிப்களில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியான ஆய்வில், சுருக்கால் எடுத்தவற்றில் 93 சதவீதமும் இடுக்கியால் எடுத்தவற்றில் 76 சதவீதமும்தான் முழுமையாக வந்திருந்தன. உங்கள் கணவருடையது அதைவிடப் பெரியது.

பயாப்ஸி முடிவு அடினோமா (பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய பாலிப் வகை) என்று வந்திருந்தால், வழக்கமான நீண்ட இடைவெளிக்குக் காத்திருக்காமல், அந்த இடத்தை மட்டுமாவது முன்கூட்டியே பார்ப்பது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். எந்த இடத்தில், ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் பாலிப் இருந்தது என்ற குறிப்பும் படமும் ரிப்போர்ட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மறுபடி தேடும்போது அது பெரிய உதவி. சிறு பாலிப் பெரிதாகிப் புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் இதில் நாள்கணக்கில் அவசரம் இல்லை.

இடுக்கியிலேயே மின்சாரம் பாய்ச்சிச் சுட்டு எடுக்கும் பழைய முறை ஒன்றும் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம் என்று மேலே சொன்ன வழிகாட்டுதல்கள் எல்லாமே சொல்கின்றன. மிச்சமும் தங்குகிறது, சதை கருகிவிடுவதால் பயாப்ஸியும் சரியாகப் படிக்க முடிவதில்லை, ஆழத்தில் சூட்டுப் புண்ணும் உண்டாகிறது. எங்கேயாவது அதைச் செய்யப் போவதாகச் சொன்னால், வேறு முறை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம் ஆகிறது. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் குடலில் ஏதோ தெரிந்ததால் கொலோனோஸ்கோப்பி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பாலிப் எடுத்தால் இரத்தம் நிற்காது என்று பயந்து, பக்கத்து வீட்டு மாமா சொன்னபடி இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிடலாமா என்று அப்பா கேட்கிறார்.

பதில்: உங்கள் அப்பாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. பாலிப் எடுத்த இடத்தில் இரத்தம் கசிந்தால் அதை நிறுத்த எங்களிடம் கிளிப் உட்படப் பல வழிகள் இருக்கின்றன. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் மாரடைப்பு வரும், உயிரே போகலாம். இரண்டு ஆபத்துகளும் ஒரே எடை கொண்டவை அல்ல.

ஆஸ்பிரினைப் பொறுத்தவரை பாலிப் எடுப்பதற்காக அதை நிறுத்தத் தேவையில்லை என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. க்ளோபிடோக்ரெல்தான் யோசிக்க வேண்டியது. ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில், அவசரமில்லாத கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடுவதே நல்லது. ஸ்கேனில் தெரிந்தது அவசரமாகப் பார்க்க வேண்டியதா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அவசரமென்றால், மருந்துகளை நிறுத்தாமலேயே உள்ளே பார்த்துவிட்டு, பெரிய பாலிப் இருந்தால் அதை எடுப்பதை மட்டும் பிறகு வைத்துக்கொள்ளலாம். தள்ளிப்போட முடியுமென்றால், இதய மருத்துவர் சம்மதிக்கும் காலத்தில், ஆஸ்பிரினைத் தொடர்ந்துகொண்டே க்ளோபிடோக்ரெலை மட்டும் ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு முன் நிறுத்திச் செய்யலாம். எந்த நாள் நிறுத்துவது, எந்த நாள் திரும்பத் தொடங்குவது என்ற இரண்டையும் மருத்துவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தியதைத் திரும்பத் தொடங்க மறந்து ஆபத்துக்கு உள்ளாகிறவர்கள் உண்டு.

சூடு வைக்காத முறை இப்படிப்பட்டவர்களுக்குத்தான் பெரிய ஆறுதல். வார்ஃபரின், அபிக்ஸாபான் போன்ற இரத்த உறைவுத் தடை மருந்துகளை எடுப்பவர்களிடம் ஜப்பானில் ஓர் ஆய்வு நடத்தி 2019-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் மருந்தைத் தொடர்ந்துகொண்டே மின்சாரமின்றி எடுத்துக்கொண்டார்கள். மறு பிரிவினர் மருந்தை நிறுத்தி, இடையில் ஹெப்பாரின் ஊசி போட்டு, மின்சாரத்தோடு எடுத்துக்கொண்டார்கள். கடுமையான இரத்தக் கசிவு முதல் பிரிவில் 4.7 சதவீதம், இரண்டாம் பிரிவில் 12 சதவீதம். மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கே கசிவு குறைவாக இருந்தது. எனவே பதிவு செய்யும்போதே மாத்திரைகளின் பட்டியலைக் கொடுத்து, சிறு பாலிப் இருந்தால் மின்சாரமின்றி எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

தாராவியிலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: என் அம்மாவுக்குக் கொலோனோஸ்கோப்பி செய்ய வேண்டும். முந்தின நாள் பேதிக்குக் குடிக்க இரண்டு லிட்டர் மருந்து கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இருப்பது சாலில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள குடியிருப்பு). கழிப்பறை பொதுவானது, இரவில் வரிசையும் இருக்கும், தண்ணீரும் இருக்காது. அம்மாவுக்கு முழங்கால் வலி. பாதி மருந்து மட்டும் குடித்தால் போதுமா?

பதில்: போதாது. ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் இடைஞ்சல் உண்மையானது. இதைக் கேட்டறியாமல் மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவது எங்கள் பக்கத்துக் குறை.

இந்தப் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும் பாலிப்கள் பெரும்பாலும் மிளகு அளவுள்ளவை, பலவும் தட்டையானவை. மலத்தின் மெல்லிய படலம் ஒட்டியிருந்தாலே அவை கண்ணுக்குத் தப்பிவிடும். எவ்வளவு திறமையான மருத்துவரானாலும், எந்தக் கருவியானாலும், பார்க்க முடியாததை எடுக்க முடியாது. குடல் சரியாகச் சுத்தமாகவில்லையென்றால் பரிசோதனையை மறுபடி செய்ய நேரிடும். அம்மா இதே பாட்டை இரண்டாம் முறையும் படுவார்.

ஆகவே மருத்துவமனையில் நிலைமையை மறைக்காமல் சொல்லி, முந்தின மாலையே சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் இதற்கு இடம் தருவார்கள். இல்லையென்றால் வீட்டுக்குள் கழிப்பறை உள்ள உறவினர் வீட்டில் அந்த ஓர் இரவு தங்கச் செய்யுங்கள். மருந்தை ஒரே மூச்சில் குடிக்காமல், பாதியை முந்தின மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு முன் தொடங்கியும் குடிப்பதுதான் குடலை நன்றாகச் சுத்தம் செய்கிறது, வாந்தியும் குறையும். கடைசி மிடறு பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். முற்பகல் பத்து பதினோரு மணிக்கு நேரம் வாங்கினால், விடியற்காலையில் இரண்டாம் பாதியைக் குடிக்க வசதியாக இருக்கும்.

உணவில், முந்தின இரண்டு மூன்று நாட்களுக்குக் கீரை, முழுப் பயறு, கொய்யா, தக்காளி விதை, எள், மிளகாய் விதை ஆகியவை வேண்டாம். இந்த விதைகள் குடலில் தங்கி ஸ்கோப்பின் உறிஞ்சு குழாயை அடைத்துக்கொள்கின்றன. இட்லி, வெள்ளைச் சோறு, தயிர், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு சாப்பிடலாம். முந்தின நாள் மருத்துவர் சொன்ன நேரத்திலிருந்து தெளிந்த நீராகாரம் மட்டும்: இளநீர், பால் இல்லாத டீ, வடிகட்டிய ரசத்தெளிவு. கோக்கம் சர்பத் குடிக்க வேண்டாம். அதன் சிவப்பு உள்ளே இரத்தம் போலத் தெரியும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் ஒரு வாரம் முன்பே நிறுத்துவது பற்றியும், சர்க்கரை நோய் இருந்தால் அந்த மாத்திரைகளையும் இன்சுலினையும் எப்படி மாற்றிக்கொள்வது என்றும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டோம்பிவிலியிலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: கத்தி பட்டால் கட்டி பரவும் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். வலியே தராத பாலிப்பைச் சீண்டி எடுப்பது ஆபத்தில்லையா? எனக்கு இரண்டு சிறு அடினோமா எடுத்தார்கள். என் பிள்ளைகளும் இப்போதே பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: பரவாது. அடினோமா புற்றுநோய் அல்ல; பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய வளர்ச்சி. சளிப்படலத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் அந்த நிலையில் அதற்குப் பரவும் ஆற்றல் இல்லை. எடுக்காமல் விடுவதில்தான் ஆபத்து. அமெரிக்காவில் அடினோமா எடுக்கப்பட்ட 2,602 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பொது மக்களிடம் எதிர்பார்க்கப்படும் அளவோடு ஒப்பிட்டால், பெருங்குடல் புற்றால் ஏற்பட்ட இறப்பு 53 சதவீதம் குறைவாக இருந்தது. வலி இல்லை என்பதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறு பாலிப் வலிக்காது. வலியும் அடைப்பும் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

சிறு அடினோமா ஒன்றிரண்டு இருந்தது என்பதற்காக மட்டும் இளம் வயதுப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை தேவையில்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ பெருங்குடல் புற்றுநோய் இருந்தால், அல்லது 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அடினோமா இருந்தால், 40 வயதிலோ, அவருக்குக் கண்டுபிடிக்கப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது தொடங்க வேண்டும். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம், நம் நாட்டில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய புற்றுநோய்களுக்கு அரசுப் பரிசோதனைத் திட்டம் இருப்பதுபோலப் பெருங்குடலுக்கு இல்லை. குடும்ப வரலாற்றை நினைவில் வைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

அந்தேரியிலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: என் மலக்குடலில் மூன்று மிகச் சிறு பாலிப்கள் தெரிந்ததாகவும் அவற்றை எடுக்கவில்லை என்றும் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். இது அலட்சியம் இல்லையா?

பதில்: அலட்சியமாக இருக்க வாய்ப்பில்லை. மலக்குடலிலும் அதை அடுத்த வளைகுடலிலும், 5 மில்லிமீட்டருக்கு மேற்படாமல், வெளிறித் தட்டையாகத் தெரியும் சிறு முளைகள் பலருக்கு உண்டு. அவை ஹைப்பர்பிளாஸ்டிக் வகை. புற்றாக மாறுவதில்லை என்றே சொல்லலாம். இன்றைய ஸ்கோப்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் நீலமும் பச்சையுமான ஒளி மட்டும் பாயும். அந்த ஒளியில் அடினோமா பழுப்பாக, குழாய் போன்ற கோடுகளோடு தெரியும், இந்த வகை வெளிறியே இருக்கும். அப்படிப் பார்த்து உறுதிசெய்தபின் அவற்றை விட்டுவிடலாம் என்று வழிகாட்டுதல்களே சொல்கின்றன. அந்த ஒளியில் பார்த்ததாக ரிப்போர்ட்டில் குறிப்போ படமோ இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இதே போன்ற முளை வலப்பக்கக் குடலில் இருந்தால் கதை வேறு. அங்கே ரம்ப விளிம்புள்ள வகை ஒன்று மறைந்திருக்கக்கூடும், அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும்.

தாணேயிலிருந்து ஒரு வாசகி

கேள்வி: வெள்ளிக்கிழமை எனக்கு 5 மில்லிமீட்டரில் ஒன்றும் 8 மில்லிமீட்டரில் ஒன்றும் எடுத்தார்கள், கரண்ட் வைக்காமல். அடுத்த வாரம் தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போக வேண்டும், நாத்தனார் மகள் கல்யாணம். போகலாமா? அடுத்த பரிசோதனை எப்போது?

பதில்: போகலாம். முதல் நாள் மயக்க மருந்தின் பாதிப்பு தீரும்வரை வண்டி ஓட்டாமல் இருந்தால் போதும். அதன்பின் வழக்கமான வேலைகளுக்குத் தடையில்லை. மலத்தில் ஒரு முறை சிறிது இரத்தம் ஒட்டி வந்தால் பயப்பட வேண்டாம். கட்டிகட்டியாகவோ மீண்டும் மீண்டுமோ இரத்தம் போனாலும், தலைசுற்றினாலும், வயிற்றுவலி விடாமல் கூடிக்கொண்டே போனாலும், காய்ச்சல் வந்தாலும், வழியில் எந்த ஊராக இருந்தாலும் இறங்கி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இப்படித் தாமதமாகக் கசிவது இரண்டு வாரம் வரைகூட நடக்கலாம் என்றாலும், மின்சாரமின்றி எடுத்த சிறு பாலிப்பில் அது மிக அரிது. ரிப்போர்ட்டின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஊரில் உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு அது உதவும்.

அடுத்த பரிசோதனையைப் பயாப்ஸி முடிவு தீர்மானிக்கும். குடல் நன்றாகச் சுத்தமாக இருந்து, இரண்டும் 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த சாதாரண அடினோமாவாக இருந்தால் அமெரிக்க வழிகாட்டுதல் 7 முதல் 10 ஆண்டுகள் இடைவெளி விடச் சொல்கிறது. ஐரோப்பியர்கள் தனிக் கண்காணிப்பே தேவையில்லை, பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் போதும் என்கிறார்கள். மூன்று நான்கு இருந்தால் 3 முதல் 5 ஆண்டுகள், ஐந்து முதல் பத்து வரை இருந்தால் 3 ஆண்டுகள் என்பது அமெரிக்கக் கணக்கு. ஒரு சிறு அடினோமாவுக்காக ஆண்டுதோறும் வரச் சொன்னால், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குடல் சுத்தமாக இல்லாததோ, முழுவதும் எடுத்ததில் சந்தேகமோ காரணமாக இருக்கலாம். அப்படிக் காரணம் எதுவும் இல்லையென்றால், பயாப்ஸி ஸ்லைடையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேளுங்கள்.